மாசி விழுந்த போண்டா

ரபீக்காவின் குசினியில் மிஞ்சியது எதுவும் குப்பைக்குப் போனதில்லை. நேற்றைய பாண் துண்டு இன்றைக்குப் பஜ்ஜியாகும், காய்ந்த இடியப்பம் வெங்காயத்தோடு தாளிபடும். துறைமுகத்தடியில் இந்தியாக்காரர் ஒருவர் வைத்திருந்த தேத்தண்ணிக் கடையை எட்டிப் பார்த்தே போண்டா சுடப் பழகியவள். "இவளிட்டக் குடுத்தா செருப்பையும் வடையாச் சுட்டுப்போடுவாள்" என்று புருஷன் முத்தலிப் கேலி செய்வான். கடைசியில் அவளைச் சிக்கலில் மாட்டிவிட்டதும் அந்தப் புண்ணியவான்தான்.

எழுபதாம் ஆண்டு ரமழான் நோன்பும் கந்தசட்டி விரதமும் ஒன்றாக வந்தன. அடுத்த வீட்டுப் புஸ்பராணிக்கு மூன்று தரம் பிள்ளை வயிற்றில் தங்கவில்லை. அதற்காகவே விரதம் பிடித்தாள். பகலெல்லாம் பட்டினி, பொழுதுபட ஒருவேளை மரக்கறி. அந்த ஒருவேளைக்கு ரபீக்காவின் போண்டா வேண்டுமாம். அவள் புருஷன் குலசிங்கம் முகம் சுளித்தான். "ரபீக்காக்கா எனக்கெண்டு மீன் மச்சம் படாத தாச்சிச்சட்டி ஒண்டு வச்சிருக்கிறா" என்று புஸ்பராணி அவன் வாயை அடைத்தாள்.

அன்று விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு ஆக்கி மிஞ்சிய உருளைக்கிழங்குக் கறியைப் பிசைந்து, மாவில் தோய்த்து, அந்தத் தாச்சியிலேயே ரபீக்கா சுட்டாள். நோன்பு பிடித்தவள், ருசி பார்க்கவில்லை. சுடச்சுடக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

வேலை விட்டு வந்த முத்தலிப் குசினியை எட்டிப் பார்த்தான்.

"கிழங்குக் கறி எங்க? சஹருக்கு இடிச்சு மிஞ்சின மாசித்தூளையும் அதுக்குள்ளதான் கொட்டிக் கலந்தனான். வீணாக்கப்படாதெண்டு நீதானே சொல்லுவ."

ரபீக்கா காலியான கறிச்சட்டியை எட்டிப் பார்த்தாள். மாசி என்றால் காயவைத்த மீனல்லவா! விரதக்காரியின் வாயில் மீனைக் கொடுத்துவிட்டாளே. நாளைக்கு அந்த வயிறு மறுபடியும் வெறுமையானால்? வேண்டுமென்றே செய்தாள் என்று குலசிங்கம் தெருவில் நின்று கத்தினால்? தெரு கத்துவதைக்கூடத் தாங்கலாம். புஸ்பராணி நம்பிவிட்டால் என்ன செய்வது?

"பேசாம இரி," என்றான் முத்தலிப். "திண்டது திண்டதுதான். நீ சொல்லாட்டி ஆருக்குத் தெரியும்?"

சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் அவளுக்கும் ஆசை. ஆனால் இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடினாள்.

புஸ்பராணி குசினி வாசலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த பீங்கான். அதைக் கண்டதும் ரபீக்கா முற்றத்திலேயே நின்றுவிட்டாள்.

"புள்ள... திண்டுட்டியா? அதுக்குள்ள மாசி கிடந்திருக்கு. அல்லா மேல ஆணை, எனக்குத் தெரியாது. எங்கட மனுசன் போட்டிருக்கிறார். என்னைக் கொன்றாலும் சரி, சொல்லாம இருக்க ஏலாது."

புஸ்பராணி தலையை நிமிர்த்திப் பார்த்தாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"பிட்ட உடனே மீன் மணந்தது அக்கா. வாயில வைக்கேல்லை. என்ர மனுசன் காணமுந்தி கோழிக்குப் போட்டிட்டன்."

ரபீக்கா அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். பள்ளிவாசலில் நோன்பு துறக்கும் பாங்கு கேட்டது. புஸ்பராணி எழுந்து போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள்.

"குடியுங்கோ. நீங்கள் தெரிஞ்சு செய்திருப்பியளோ எண்டு ஒரு கணம் நினைச்சிட்டன். வரமாட்டியளோ எண்டுதான், அக்கா, இவ்வளவு நேரமும் பயந்துகொண்டு இருந்தனான்."