நுரையீரலில் ஒரு பச்சை நரம்பு

நேற்று கைப்பேசியில் ஒரு படம் வந்தது. என்னிடம் படித்த பெண் அனுப்பியிருந்தாள். நுரையீரலின் நரம்புகள், பச்சையும் சிவப்புமாக, கல்யாண வீட்டு சீரியல் விளக்குகள் போல. எத்தனை நேரம் பார்த்தாலும் மங்காமல் அப்படியே இருந்தது. எனக்கு அதுதான் ஆச்சரியம்.

எண்பதுகளில் தில்லியில் நான் தேடியதும் இதைத்தான். வி.ஐ.பி. என்று பெயர். நரம்பு நுனியில் சுரந்து மூச்சுக்குழாயைத் தளர்த்துகிற சின்னப் புரதத் துணுக்கு. கினிப்பன்றியின் நுரையீரலை உறைய வைத்து, மெல்லிய சீவலாக வெட்டி, வெளிநாட்டிலிருந்து வந்த திரவத்தை ஒரு சொட்டு விட்டால், அந்தத் துணுக்கு இருக்கும் இடம் மட்டும் நுண்ணோக்கியில் பச்சையாக ஒளிரும்.

"தில்லியில வி.ஐ.பி.ய தேட நுரையீரலுக்குள்ளயா போணும்?" என்பாள் எஸ்தர். பாளையங்கோட்டைக்காரி, நர்ஸ், தில்லி முனிர்காப் பகுதியில் என் அறைத்தோழி. அவளுக்கு நைட் டூட்டி, எனக்குப் பகல் வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. அந்தப் பச்சை, பார்க்கப் பார்க்க மங்கிவிடும். அதனால் நான் ஒரு கணம் பார்த்துவிட்டு கேமராவுக்கு விட்டுக்கொடுத்துவிட வேண்டும். அதுவும் கறுப்பு வெள்ளை ஃபிலிம். மற்றவர்களுக்குப் படம் போதும். நான் மட்டும் அந்தப் பச்சையை மனதில் வைத்துக்கொண்டு, பூட்டிய அறையைத் திறந்து, ஸ்டவ்வில் ரசம் வைத்துத் தனியாகச் சாப்பிடுவேன். இன்னொருத்தர் அதைப் பார்க்க வேண்டும் என்று அழாத குறையாக ஏங்கினேன். அசட்டு ஆசைதான்.

எஸ்தருக்கு குவைத்தில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு அவளை லேபுக்கு அழைத்துப் போனேன். திரவம் தீர்ந்துவிட்டது, ஒரே ஒரு ஸ்லைடுதான் பாக்கி. அதில், மூச்சுக்குழாயைச் சுற்றி, அறுபடாமல் ஒரு நரம்பு ஒளிர்ந்தது. அதுவரை எனக்குக் கிடைக்காதது. ஆய்வேட்டுக்கு அந்தப் படம் வேண்டும். அவளுக்கோ மறுநாள் விமானம். கேமராவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"மொதல்ல ஃபோட்டோ எடுங்கக்கா. நான் பொறவு பாத்துக்கிடுதேன்."

எடுத்து முடித்துக் குனிந்து பார்த்தேன். ஒரே இருட்டு. நான் வாய் திறப்பதற்குள் அவள் கண்ணை வைத்துவிட்டாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லா இருக்குக்கா. பச்சப் பசேல்னு."

குவைத்திலிருந்து வந்த இரண்டு கடிதங்களோடு எஸ்தரின் தொடர்பு நின்றுபோனது. முனிர்காவில் நாங்கள் இருந்த வீட்டை இடித்து ஐந்து மாடி கட்டிவிட்டார்கள். அதன்பிறகு நான் எவ்வளவோ பார்த்தேன், பலருக்குக் காட்டினேன். எனக்காக அப்படி ஒரு பொய் சொல்ல யாரும் வாய்க்கவில்லை.