கொம்பு சீவிய பசுவோடு பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குக்கு

போன தை மாதம் என் பசு செம்பருத்தியையும் அதன் கன்றையும் அக்கரையிலிருந்து பினாங்குக்குக் கொண்டுவந்தேன். நான்கு நாளில் முடிய வேண்டிய பயணம் இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்தது. கடல் தாண்டி மாடு கொண்டுவர நினைக்கும் நம் பெண்கள் சிலர் என்னிடம் வழி கேட்டார்கள். வாயால் சொன்னால் கோபம் வருகிறது என்று எழுத உட்கார்ந்தேன். எழுதும்போதும் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்மலை ரோட்டுப் பக்கம் எனக்கு ஒரு கொட்டகை உண்டு. முன்பு மூன்று பசுக்கள் நின்றன. வெக்கை நோய் வந்து இரண்டைக் கொண்டுபோனது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்து, வாயெல்லாம் புண்ணாகி, அவை செத்ததைப் பார்த்தவள் நான். அந்த நோயை விளையாட்டாக நினைக்கிறவள் இல்லை. மிச்சமிருந்த செம்பருத்தி சினையானதும், புல்லுக்காக அக்கரையில் புக்கிட் மெர்தாஜத்தில் இருக்கும் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தேன். கப்பித்தான் பள்ளிவாசலுக்குப் பக்கத்து டீக்கடைக்கு நான் ஊற்றும் பால்தான் என் வீட்டுச் சோறு. அந்தப் பசு இல்லையென்றால் எனக்கு ஒன்றுமில்லை.

அக்கரையில் சர்க்கார் எல்லா மாட்டின் கொம்பிலும் சூட்டுக்கோலால் நம்பர் போட்டு வைத்திருக்கிறது. நம்பரைப் பார்த்தால் எந்தக் கம்போங், எந்த ஊர் மாடு என்று தெரிந்துவிடும். எங்கேயாவது ஒரு மாடு நோயில் விழுந்தால் அது வந்த இடத்தை உடனே தேடிப் பிடிக்கலாம். நல்ல ஏற்பாடுதான். செம்பருத்திக்கும் போட்டிருந்தார்கள். கன்று ஈன்றபின் கூட்டிவர நான் போன வேளையில் மாட்டுப் பொங்கல் வந்தது. நான் என்ன செய்தேன்? எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். கண்ணாடிச் சில்லால் கொம்பை வழவழவென்று சீவி, எண்ணெய் தடவி, ஒன்றுக்குச் சிவப்பும் ஒன்றுக்கு நீலமும் பூசி, மாலை போட்டுப் பொங்கல் ஊட்டினேன். சீவிய தூளோடு சர்க்கார் நம்பரும் போய்விட்டது. அண்ணன் வீட்டில் அத்தனை பேர் இருந்தும் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. அதைத் தவறு என்று இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

புக்கிட் மெர்தாஜத்திலிருந்து பட்டர்வொர்த்துக்கு ஏறக்குறைய எட்டு மைல். கன்று கூட வருவதால் விடியும் முன்பே கிளம்பிவிடுங்கள், வெயில் ஏறினால் அது படுத்துக்கொள்ளும். கடல் தாண்டும் தொங்கான் படகில் மாட்டுக்கு ஒரு வெள்ளி, ஆளுக்குப் பத்துக் காசு. கன்றுக்குக் கேட்டால் கொடுக்காதீர்கள், நான் கொடுக்கவில்லை. ஆனால் தொங்கானில் ஏறும் முன் மாட்டு ஆபீஸ் இருக்கிறது. அங்கேதான் வந்தது வினை.

அங்கே கணக்கெழுதும் கிராணி ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. செம்பருத்தியின் கொம்பைத் தடவிப் பார்த்தார். விரலில் நீலம் ஒட்டியது.

"அக்கா, இலக்கம் எங்கை? கொம்பைச் சுரண்டினது ஆர்?"

"நான்தான். மாட்டுப் பொங்கல்ல கொம்பைச் சீவாம, பின்ன மூக்கையா சீவுவாங்க?"

"எங்கட வீட்டிலையும் பட்டிப் பொங்கல் பொங்கினதுதான். எண்டாலும் இலக்கம் இல்லாட்டி இது எந்த ஊர் மாடெண்டு நான் எப்பிடி அறியிறது? இலக்கத்தை அழிச்சுப்போட்டு, நோய் வருத்தம் வந்த ஊர் மாடுகளைக் கடத்திற ஆக்கள் இருக்கினம்."

"கடத்துறவ கொம்புக்குப் பெயிண்ட் அடிச்சு, கழுத்துல மாலை போட்டா கூட்டிக்கிட்டு வருவா? நல்லா பாருங்க தம்பி!"

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். சட்டத்தை மட்டும் விடவில்லை. நம்பர் உள்ள மாடு மூன்று நாள் ஆபீஸ் பக்கத்து மாட்டுப் பட்டியில் நிற்க வேண்டும். நம்பர் இல்லாத மாடு இரண்டு வாரம். நோய் தெரியாவிட்டால் புது நம்பர் போட்டு விடுவார்கள். தெரிந்தால் பட்டியில் உள்ளதையெல்லாம் சுட்டுவிடுவார்கள்.

இரண்டு வாரம் என்றாலும் நிற்கத் தயாரானேன். பட்டியை எட்டிப் பார்த்தபோதுதான் மனம் மாறியது. எங்கெங்கிருந்தோ வந்த மாடுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே தொட்டித் தண்ணீர். நம்பர் உள்ளது, இல்லாதது, நேற்று வந்தது, இன்று வந்தது எல்லாம் கலந்து கிடந்தன. நோய் இருக்கிறதா என்று பார்க்கக் கட்டிவைக்கும் இடத்திலேயே நோயைப் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"உள்ள விடமாட்டேன். ரெண்டு வாரமில்ல, ரெண்டு மாசம்னாலும் இங்கயே கெடக்கிறேன். ஆனா அந்தத் தொட்டியில என் மாடு வாய் வைக்காது."

எனக்குப் பின்னால் காதர் நானா நின்றிருந்தார். டவுன் கசாப்புக் கடைகளுக்கு மாடு வாங்கி விற்கிறவர், தங்கமான மனிதர். அவருடைய மூன்று காளைகளுக்கும் நம்பர் பளிச்சென்று இருந்தது. "சர்க்காரோட மல்லுக்கட்டாத தாயி. உள்ள விட்டுட்டு வா, டீ குடிக்கலாம்லா" என்று சொல்லித் தன் காளைகளை உள்ளே ஓட்டினார்.

கடைசியில் மாட்டு டாக்டர் துரையே வந்தார். நான் பேசியதைக் கிராணி இங்கிலீசில் சொன்னார். துரை என்னைப் பார்த்தார், பட்டியைப் பார்த்தார், தோளைக் குலுக்கினார். பட்டிக்குத் தூரத்தில் இருந்த வாதுமை மரத்தடியில் கட்டிக்கொள்ளலாம் என்று உத்தரவானது. யாரும் பக்கத்தில் வரக்கூடாது, நான் அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது, ஒரு சொட்டுப் பால் விற்கக்கூடாது. சரி என்றேன். கன்று குடித்து மீந்த பாலைத் தினமும் மண்ணில் ஊற்றினேன். அதைச் செய்யும்போது மட்டும் அழுதேன். மற்றபடி அடுப்புக் கூட்டிச் சமைத்து, மழைக்குக் கித்தானைக் கட்டிக்கொண்டு மகாராணி போல இருந்தேன்.

அடுத்த நாளே பட்டியில் ஒரு காளைக்கு மூக்கு ஒழுகத் தொடங்கியது. அது வேறொரு வியாபாரியின் காளை. துரை வாயைத் திறந்து பார்த்தார், அவர் முகம் மாறியது. அதன் கொம்பு நம்பரை வைத்து, பொழுது சாய்வதற்குள் அது வந்த கம்போங்கைக் கண்டுபிடித்து வழியை அடைத்துவிட்டார்கள். அங்கே இன்னும் சில மாடுகள் நோயோடு இருந்தனவாம். அந்தக் கம்போங் என் அண்ணன் வீட்டுக்கு அடுத்ததுதான். நம்பர் இல்லாதிருந்தால் அண்ணன் மாடுகளும் போயிருக்கும். இதை நான் மறைக்கப் போவதில்லை.

ஆனால் பட்டியில் இருந்தவற்றை எல்லாம் சுட்டார்கள். காதர் நானாவின் காளைகள் அதுவரை சும்மா நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வெடிக்கும் செம்பருத்தி கயிற்றை இழுத்தது. நான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். முடிந்த பிறகு நானா வந்து, தள்ளியே நின்றார்.

"நீ பிடிவாதம் பிடிச்சே, பொழச்சுக்கிட்டே. நான் அவங்க சொன்ன பேச்சைக் கேட்டேன்லா, தாயி" என்றார். எனக்கு அப்படியே கோபம் தலைக்கேறியது.

அடுத்த முறை துரை வந்தபோது மரத்தடியில் நின்றபடியே கத்தினேன். "தனித்தனியாக் கட்டியிருந்தா அந்த மனுசனோட காளைங்க உசுரோட இருக்கும். கொம்புல நம்பர் போடத் தெரியுது, நடுவுல நாலு மூங்கில் நடத் தெரியலயா? துரைகிட்ட கேளுங்க தம்பி, ஒண்ணு விடாமக் கேளுங்க!" கிராணி வெலவெலத்துப் போனார். ஆனாலும் கேட்டார், அதற்காக அவரை மெச்சுகிறேன். இப்போது அந்தப் பட்டியில் மூங்கில் தடுப்பும் தனித்தனித் தொட்டியும் இருக்கின்றன. என்னால்தான் வந்தது என்றே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு வாரம் முடிந்தும் செம்பருத்திக்கு ஒரு குறையும் இல்லை. புது நம்பர் போட நெருப்பு மூட்டினார்கள். துரை இந்தத் தடவை தொடையைக் காட்டினார். தோலில் சுட்டால் சீவ முடியாதாம். நான் குறுக்கே போய் நின்றேன். அப்படியானால் இனி கொம்பைச் சீவுவதில்லை என்று சத்தியம் செய்யத் துரை சொல்லுகிறார் என்றார் கிராணி.

"முடியாதுன்னு சொல்லுங்க. வருசத்துல ஒரு நாள் அதுக்கு மரியாதை செய்யிற நாள். ஆனா நான் ஒளிஞ்சு ஓடுறவ இல்ல. பொங்கலுக்கு மறுநாளே மாட்டை ஆபீஸ் வாசல்ல கொண்டாந்து நிறுத்துறேன். வருசா வருசம் நான் சீவுறேன், நீங்க சுடுங்க."

கிராணி சொன்னதைக் கேட்டுத் துரை செம்பருத்தியின் தலையைப் பிடிக்கச் சொன்னார். பிறகு சூட்டுக்கோலைக் கொம்பில் வைத்தார். மயிர் கருகுவது போல நாற்றம் அடித்தது, செம்பருத்தி ஒரு தும்மல் போட்டது. அவ்வளவுதான். அன்று மாலையே தொங்கானில் ஏறி பினாங்குத் துறையான வெல்ட் கீயில் இறங்கினோம்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பொங்கலை ஒட்டிப் போனால் முதலில் கொம்பைச் சீவிவிட்டு, அந்த ஊர் மாட்டு ஆபீஸிலேயே சொல்லிப் புது நம்பர் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். சொந்தமாக ஒரு வாளியும் புல்லுக்கட்டும் இருக்கட்டும். நம்பரைக் கேட்டால் காட்டுங்கள், அதில் வம்பு செய்யாதீர்கள், அது நம் மாடுகளைக் காப்பாற்றுகிற நம்பர். ஆனால் மாட்டை உள்ளே விடு என்றால், முதலில் நீங்கள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பார்த்துவிட்டு வரும்வரை கயிற்றை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.