சன்னல்காரியின் வயிற்றில் சோளம்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போங்கள். எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. நான் கால்நடை ஆராய்ச்சி செய்கிறவள். சாணத்தைக்கூட எடைபோட்டுப் பார்த்த பிறகுதான் பேசுவேன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ரகம். அப்படிப்பட்ட நானே உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்றால், நடந்தது நடந்ததுதான்.

முதலில் சன்னல்காரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவள் ஒரு பசு. இடது பக்கம், விலா முடிகிற பள்ளத்தில் அவளுக்கு ஒரு வட்டமான ஓட்டை உண்டு, சன்னல் மாதிரி. ஆராய்ச்சிக்காக அறுவை செய்து வைத்தது. அதில் ஒரு ரப்பர் வளையம், அதற்கு ஒரு ரப்பர் மூடி. மூடியைக் கழற்றினால் நேரே இரைப்பை. கையைத் தோள் வரைக்கும் விட்டு, தின்ற தீவனம் எவ்வளவு செரித்திருக்கிறது என்று அள்ளி எடுத்துப் பார்க்கலாம். வலிக்காதா என்று எல்லோரும் கேட்பார்கள். வலிக்காது. நான் உள்ளே துழாவிக்கொண்டிருப்பேன், அவள் பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டு நிற்பாள். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள்தான் மயங்கி விழுவார்கள்.

வறட்சிக் காலத்தில் தானியமே இல்லாமல் வெறும் வைக்கோலை வைத்து மாட்டைப் பிழைக்க வைக்க முடியுமா என்பது என் ஆராய்ச்சி. வைக்கோலைப் பதப்படுத்தி நானே கலந்த தீவனம்தான் சன்னல்காரிக்கு மூன்று வேளையும். ஒரு மணி தானியம் கிடையாது. இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு ஒருநாள் காலையில் கையை விட்டேன். வைக்கோலோடு மக்காச்சோளம் வந்தது.

பத்து, பதினைந்து மணி அல்ல. கைகொள்ளாத சோளம். நிறம் வெளிறி ஊறிப்போயிருந்தது. அன்று அவள் வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. பின்னங்கால் நடுங்கியது. பழக்கமில்லாத வயிற்றில் தானியம் திடீரென்று சேர்ந்தால் புளித்து மாட்டையே கொன்றுவிடும். மருந்து கொடுத்துத் தேற்றினேன். மறுநாளும் சோளம். அதற்கடுத்த நாளும்.

இயக்குநர் கொட்டகைக்கே வந்து பார்த்தார்.

"இன்னும் ஒரு வாரம் பாரும்மா. சரியாகலைன்னா கழிச்சுடலாம்."

கழிப்பது என்றால் எங்கள் பாஷையில் கசாப்புக்கு அனுப்புவது. எனக்கு ரத்தம் கொதித்தது. ஆராய்ச்சி போனால் இன்னொன்று செய்துகொள்ளலாம். யாரோ செய்த திருட்டுத்தனத்துக்கு என் மாடு ஏன் சாக வேண்டும்?

யாரோ என்று என்ன, எனக்கு ஆள் தெரியும் என்றுதான் நினைத்தேன். எதிர் அறையில் சோளம் சார். மக்காச்சோளத் தீவனத்திலேயே முப்பது வருஷம் ஆராய்ச்சி செய்தவர் என்பதால் நாங்கள் வைத்த பெயர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். எனக்கு அப்படிப்பட்டவர்களைக் கண்டால்தான் சந்தேகம் ஜாஸ்தி. வைக்கோலிலேயே மாடு பிழைக்கும் என்று நான் நிரூபித்துவிட்டால் அவருடைய முப்பது வருஷம் என்னாவது? கிடங்குச் சாவி வேறு அவரிடம்தான். இரண்டாவது சந்தேகம் வாட்ச்மேன் அண்ணன் மேல். "பாவம் டாக்டரம்மா, வெறும் வைக்கோலையே போடுறீங்களே" என்று தினமும் என்னிடம் புலம்புவார். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன்.

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கடையில் புதுப்பூட்டு ஒன்று வாங்கினேன். இரவு ஒன்பது மணிக்குச் சன்னல்காரியின் வயிற்றைத் துழாவிப் பார்த்தேன். சுத்தமாக வைக்கோல்தான். மூடியை மாட்டி, அதன் குறுக்கே பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் கையெழுத்தும் போட்டேன். தீவனத் தொட்டியைத் துடைத்துக் காலி செய்தேன். கொட்டகைக் கதவை உள்பக்கமாகப் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டேன். கொட்டகையை ஒட்டி மருந்து அறை. அதற்கு வெளிவாசல் கிடையாது. அங்கே விளக்கை அணைத்துவிட்டு, கதவை ஒரு சாண் திறந்து வைத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பதினொன்று இருபதுக்கு வீட்டுக்காரர் போன் செய்தார்.

"தனியா பயமா இல்லையா?"

"யாருக்கு?"

"அதுவும் சரிதான். பேய் வந்தாலும் உன்னைப் பாத்தா ஓடிடும்."

"சரி சரி, போனை வைங்க. எவனாவது உஷாராயிடப் போறான்."

கொட்டகையில் ஆறு மாடுகள். சன்னல்காரி கடைசியில், சுவரோரம். ஆறும் அசைபோடுகிற சத்தம் இருட்டில் ஒரே தாளமாகக் கேட்டது. எனக்கு அது பழகிய சத்தம். கண் சொருகியது.

திடீரென்று விழிப்பு வந்தது. மணி ஒன்று பத்து. எது எழுப்பியது என்று முதலில் தெரியவில்லை. பிறகு புரிந்தது. சத்தம் நின்றிருந்தது. ஆறு மாடுகளும் ஒரே நேரத்தில் அசைபோடுவதை நிறுத்தியிருந்தன.

மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். முற்றத்து விளக்கின் வெளிச்சம் ஜன்னல் வழியாகக் கொஞ்சம் விழுந்தது. யாரும் இல்லை. ஆனால் சன்னல்காரி தலையைத் திருப்பித் தன் இடது பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஓர் அடி விலகினாள்.

அந்த ஓர் அடி எனக்குத் தெரியும். நான் பக்கத்தில் போய் நின்றால், எனக்கு இடம் விட அவள் அப்படித்தான் விலகுவாள்.

"யாருடா அது?" என்று கத்த வாயெடுத்தேன். அதற்குள் கேட்டது.

சளக்...

சளக்... சளக்...

அந்தச் சத்தமும் எனக்குத் தெரியும். இரைப்பைக்குள் கை போய் வருகிற சத்தம். நான்கு வருஷமாக நானே எழுப்புகிற சத்தம். ஒவ்வொரு சளக்குக்கும் பிறகு தரையில் ஏதோ சொரசொரவென்று கொட்டியது.

பயம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். ஆத்திரம்தான் ஜெயித்தது. டார்ச்சைப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

யாரும் இல்லை. கதவில் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. சன்னல்காரியின் விலாவில் மூடி இருந்தது. மூடிமேல் பிளாஸ்திரி இருந்தது. பிளாஸ்திரிமேல் என் கையெழுத்து இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை.

அதற்கு நேர்கீழே, சிமெண்டுத் தரையில்... ஒரு குவியல் சோளம்.

ஈரமாக இருந்தது. ஆவி பறந்தது. நிறம் ரோஸ்.

இத்தனை நாளும் யாரோ வெளியிலிருந்து உள்ளே போடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். இது உள்ளேயிருந்து வெளியே வந்திருந்தது.

யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. சன்னல்காரி முனகினாள். வாயிலிருந்து எச்சில் கொட்டியது. உடம்பு முழுக்க உதறியது. வயிறு கல்லாக இறுகிக்கொண்டே போனது. செத்துவிடுவாள். என் கண்ணெதிரே செத்துவிடுவாள். கையுறை எடுக்க ஓடவில்லை. பிளாஸ்திரியைக் கிழித்தேன். மூடியைப் பிடுங்கினேன். வெறுங்கையைத் தோள் வரை உள்ளே விட்டேன்.

வைக்கோலே இல்லை. எல்லாம் சோளம். அள்ளினேன். கொட்டினேன். மறுபடி அள்ளினேன். குறையவே இல்லை.

இன்னும் ஆழமாகக் கையை விட்டேன்.

மாட்டின் வயிறு நம் உடம்பைவிடச் சூடாக இருக்கும். எப்போதும்.

என் விரல் பட்ட இடம்... ஜில்லென்று இருந்தது.

ஒரு கை.

சின்னக் கை. பெண் கை. நகத்தை ஒட்ட வெட்டியிருந்தது, நாங்கள் எல்லோரும் வெட்டுவதுபோல.

அது என் உள்ளங்கையை விரித்தது. ஒரு பிடி சோளத்தை வைத்தது. என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடியது. மணிக்கட்டைப் பிடித்து வெளியே தள்ளியது.

எடுத்துக்கொண்டு போ என்பதுபோல.

நான் ஓடியிருக்க வேண்டும். நீங்களாக இருந்தால் ஓடியிருப்பீர்கள். சன்னல்காரியின் முன்னங்கால் மடிந்தது. கொட்டிவிட்டு... மறுபடி கையை விட்டேன்.

அது காத்திருந்தது.

இன்னொரு பிடி.

இன்னொன்று...

இன்னொன்று...

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண்ணில் தண்ணீர் ஊற்றியது. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. டார்ச் வெளிச்சம் மங்கியது.

மங்கியது டார்ச் அல்ல. என் கண்.

கடைசியில் அந்தக் கையில் சோளம் இல்லை.

வெறும் கை.

என் கையைப் பிடித்துக்கொண்டது.

விடவில்லை...

கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தேன். பக்கத்தில் வீட்டுக்காரர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. பேய் அடித்தது என்னை, அறைந்தது அவரை. டாக்டர் வந்து கேட்ட முதல் கேள்வியே வேறு.

"வயலுக்கு மருந்து அடிச்சீங்களா?"

"இல்லையே."

"பூச்சிமருந்து விஷம் உங்க வலது கைத் தோல் வழியா உள்ள போயிருக்கு. இந்த வகையை நான் பார்த்தே பல வருஷமாச்சு. கடைங்கள்ல நிறுத்திட்டாங்க. எங்க கிடைச்சது?"

என்ன சொல்வது? மாட்டு வயிற்றில் கிடைத்தது என்றா?

சாயங்காலம் வாட்ச்மேன் அண்ணன் பார்க்க வந்தார். மனிதர் அழுதேவிட்டார். நான்தான் அவரைச் சந்தேகப்பட்டதற்குக் கூசிப்போனேன். விடிகிற நேரம் மாடு கத்துவது கேட்டு, கடப்பாரையால் கதவை நெம்பித் திறந்திருக்கிறார்.

"நின்னுக்கிட்டே மயங்கியிருந்தீங்கம்மா. மாட்டு மேல சாஞ்சு. கை தோள் வரைக்கும் உள்ள. நானும் டிரைவரும் சேர்ந்து இழுத்தோம். சும்மா வரலை."

"மாடு?"

"ஜோரா இருக்குது. தண்ணி குடிச்சிது."

"கீழே கொட்டியிருந்த சோளம்?"

"சோளமா? வைக்கோல்தாம்மா கெடந்துச்சு."

மறுநாள் சோளம் சார் வந்தார். கையில் பழப்பை. நான்கு நாளாக ஊரிலேயே இல்லை, காலையில்தான் ரயிலிறங்கினேன் என்றார். எனக்குச் சந்தேகம் தீரவில்லை. அவர் முகத்தையே பார்த்தபடி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சோளம் என்ன நிறம்?"

"ரோஸ்."

பழப்பையைத் தரையில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நீங்க வேலைக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. விதைக்க வெச்சிருந்த சோளம். பூச்சி அரிக்காம இருக்க விஷம் தடவி, ரோஸ் சாயம் போட்டிருக்கும். அந்த மூட்டை தீவனத்துல கலந்துடுச்சு. அப்போ சன்னல் வெச்ச மாடு அஞ்சு இருந்துச்சு. ஒரு பொண்ணுதான் நைட் டியூட்டி. உங்களை மாதிரியே ஆராய்ச்சிக்கு வந்தவ. கையுறை கிழிஞ்சு போச்சு. வெறுங்கையாலயே ராத்திரி பூரா அஞ்சு வயித்தையும் காலி பண்ணியிருக்கா. அஞ்சும் பொழைச்சுது."

"அவங்க?"

"காலையில பார்த்தோம். நின்னுக்கிட்டே... கை உள்ள. மூணு பேர் இழுத்துதான் எடுத்தோம்."

சன்னல்காரி அப்போது பிறந்திருக்கவே மாட்டாள்.

"மூட்டையை யார் மாத்தினது?"

"தெரியலை. தவறுதலா நடந்ததுன்னு விட்டுட்டாங்க."

எழுந்தார். வாசல் வரைக்கும் போனார். கதவில் கையை வைத்துக்கொண்டு, திரும்பாமலே கேட்டார்.

"யார் மாத்தினதுன்னு... அவ ஏதாவது சொன்னாளா?"

நான் சந்தேகப் பிராணி என்றுதான் முதலிலிருந்தே தெரியுமே உங்களுக்கு. வாய் சும்மா இருக்கவில்லை.

"சொன்னாங்க."

பொய். அந்தக் கை என்னோடு எதுவும் பேசவில்லை. சும்மா போட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான்.

சோளம் சார் அன்று போனவர் வேலைக்குத் திரும்பவில்லை. ராஜினாமா தபாலில் வந்தது. கிடங்குச் சாவியையும் அதோடு அனுப்பியிருந்தார். சன்னல்காரியின் வயிற்றில் அன்றிலிருந்து ஒரு மணிச் சோளம் கிடையாது. கொழுகொழுவென்று இருக்கிறாள். கழிக்கிற பேச்சும் நின்றுபோயிற்று.

ஆனால் படுத்தால் எனக்கு அந்த ஆஸ்பத்திரி வாசல்தான் ஞாபகம் வருகிறது. "சொன்னாங்க" என்று நான் சொன்னதும் அவர் கதவிலிருந்து கையை எடுத்தார். அப்படியே வெளியே போய்விட்டார்.

என்ன சொன்னாள் என்று அவர் கேட்கவே இல்லை.