ஜும்வாவின் நல்ல தண்ணீர்

மொம்பாசா கடற்கரையில் ஜும்வாவை யாருக்கும் பிடிக்காது. பதினொரு வருடமாக அங்கே வருகிறவர்களைக் காசுக்குப் படம் எடுக்கிறாள். தன் கேமராவை இன்னொருவர் தொட விட்டதில்லை.

கேமராவை நெகிழிப் பையில் போட்டு, லென்ஸுக்கு மட்டும் ஓட்டை வெட்டி, ரப்பர் பேண்டால் இறுக்கியிருப்பாள். மணலில் நின்று லென்ஸ் மாற்றமாட்டாள். கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் வைத்திருப்பாள். தண்ணீர் விற்கும் தள்ளுவண்டிக்காரனிடம் வாங்கியது, கேமரா துடைக்க மட்டும். தாகத்துக்குக் கிணற்று நீர்தான், உப்புக் கரித்தாலும்.

முதல் கேமராவை அந்தக் கிணற்று நீரால்தான் சாகடித்தாள். நாலு மாதம் பொறுப்பாகத் துடைத்தாள். ஐந்தாவது மாதம் பொத்தான் இறுகிப்போனது. பிறகு ஒரு கறுப்புத் தட்டில் கிணற்று நீர் ஒரு சொட்டு, வண்டி நீர் ஒரு சொட்டு விட்டுக் காயவைத்தாள். கிணற்றுச் சொட்டு வெள்ளை வளையமாகப் பூத்திருந்தது. அன்றிலிருந்து துணியை நனைக்குமுன் நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பாள்.

"கேமராவுக்கு நல்ல தண்ணி, தனக்குக் கிணத்துத் தண்ணி! புருஷனைக்கூட இப்படிக் கவனிச்சிருக்க மாட்டா," என்பான் அத்மான். அவனும் அங்கே படம் எடுப்பவன்தான். இடுப்பில் எப்போதும் வாங்கிய தண்ணீர் பாட்டில் தொங்கும், குடிக்க. கேமராவைக் கிணற்று நீரில் துடைப்பான்.

நோன்புப் பெருநாள். கடற்கரை கொள்ளாத கூட்டம். ஆள் வராத மழை மாதங்களை ஜும்வா ஓட்டுவதே இந்த வருமானத்தில்தான். காலையிலேயே அத்மானின் கேமரா நின்றுவிட்டது. ஜும்வா அவன் வாடிக்கையாளர் முன்னாலேயே சொன்னாள்: "கேமராவை உப்புக்கண்டம் போட்டுட்டான். நீங்க இங்க வாங்க."

அவர்கள் வந்தார்கள். அத்மான் போய்ப் படகின் நிழலில் உட்கார்ந்துகொண்டான்.

மதியம், டயர் டியூபோடு ஒருவன் அலையில் குதித்தான். தெறித்த நீர் பைக்குள்ளும் புகுந்தது. ஜும்வா படகுக்கு ஓடினாள். பொத்தான் இடுக்கில் உப்பு இறங்குவதற்குள் துடைக்க வேண்டும். பாட்டிலைத் திறந்தாள், நாக்கில் ஒரு சொட்டு.

கரித்தது.

அத்மான் வேறு பக்கம் பார்த்தான்.

"கிணத்துக்குப் போனியா?"

"எதுக்கு அக்கா? நான்தான் வாங்கின தண்ணி குடிக்கிறவனாச்சே."

"ஆமா. அதைக் கழட்டு."

"எதை?"

"இடுப்புல தொங்குறதை. இல்லேன்னா என் பாட்டில்ல நீ என்ன ஊத்தினேன்னு எல்லார் முன்னாலயும் குடிச்சுக் காட்டு."

மரவள்ளி வறுவல் விற்கும் கஹிண்டி கரண்டியைக் கீழே வைத்தான். "அவ பாட்டிலோட நீ கிணத்தடிக்குப் போனதை நான் பார்த்தேன்டா. குடுத்துடு."

நாலு பேர் கூடிவிட்டார்கள். அத்மான் பாட்டிலைக் கழற்றி நீட்டினான். அதையும் அவள் நாக்கில் வைத்துப் பார்த்தாள். அவன் முகம் சுருங்கியது. துணியை நனைத்துப் பிழிந்து பொத்தான், லென்ஸ் வளையம், இடுக்கு எல்லாம் துடைத்தாள். காய்ந்த துணியால் ஒற்றினாள். மீதித் தண்ணீரைத் தன் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"குடிக்க எனக்கு?" என்றான் அத்மான்.

கிணற்று நீர் இருந்த தன் பாட்டிலை அவன் மடியில் எறிந்தாள்.

"உன் கேமரா இதைத்தானே குடிச்சுது."

அலையோரம் ஒட்டகத்தின் மேல் ஒரு குடும்பம் அவளுக்காகக் காத்திருந்தது. ஜும்வா பொத்தானை அழுத்தினாள். அது சிக்காமல் இறங்கியது, எழுந்தது.