கடலைக் கொல்லையில் சுருள் பூச்சி

சித்தப்பாவுக்குக் கல்யாணமாகிச் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்த வருஷம், கீழப்பழுவூரில் எங்கள் கடலைக் கொல்லை தீய்ந்துபோயிற்று. தூரத்திலிருந்து பார்த்தால் நெருப்புப் பட்ட மாதிரி இருந்தது. எங்கள் வீட்டில் பூச்சியைத் தேடவில்லை, ஆளைத் தேடினார்கள். ஆள் சுலபமாகக் கிடைத்துவிட்டாள்.

“தீட்டோட கொல்லையில எறங்கியிருக்கா. பயிரு எப்புடி நிக்கும்?” என்றாள் அத்தை. அப்பா மறுக்கவில்லை. சித்தப்பா வாயே திறக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவரை முழுதாக நம்பலாம். வெள்ளிக்கிழமை போனதும் சித்தியை வாலிகண்டபுரத்துத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று. எப்போது திரும்ப அழைத்துவருவது என்று யாரும் பேசவில்லை.

எனக்கு அழுகையாக வந்தது. வலிக்காமல் தலை பின்னத் தெரிந்தவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.

தீட்டு என்றால் செடிக்கு வரும் ஏதோ நோய் என்று நினைத்திருந்தேன். எட்டு வயதுப் பெண்ணுக்கு அதை யார் விளக்குவார்கள்? அது எப்படி இருக்கும் என்று பார்க்கவே கொல்லைக்குப் போனேன். மடிந்து ஒட்டியிருந்த இலைகளைப் பிரித்தால் சிலவற்றில் புழு, சிலவற்றில் கூடு. கூடு இருந்த இலைகளைத் தீப்பெட்டியில் போட்டு வைத்தேன். சில நாளில் உள்ளே ஒரு பூச்சி உட்கார்ந்திருந்தது. எள்ளைவிடக் கொஞ்சம் பெரியது, மங்கலான நிறம், இறக்கையில் வெள்ளைப் புள்ளி.

அன்று, ஊர் ஊராகப் பயிர் பார்த்து யோசனை சொல்லும் அரசாங்க ஆளான கிராம சேவக் சைக்கிளில் வந்து வாசலில் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்த் தீப்பெட்டியை நீட்டினேன்.

“அட, சுருள் பூச்சி! புழு மொதல்ல இலைக்குள்ள பூந்து திங்கும். அப்பறம் இலைய மடிச்சுக் கூடு கட்டும். சுத்துப்பட்டுல எல்லாக் கொல்லையிலயும் இதுதாங்க. மருந்தடிச்சா மிச்சப் பயிரு தேறிடும்” என்றவர், நோட்டை எடுத்து எழுதினார்.

“வெறும் பூச்சியா?” என்றாள் அத்தை, ஏமாந்தவள் போல. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். வெள்ளிக்கிழமைப் பேச்சு அதன்பிறகு அந்த வீட்டில் எழவில்லை.

வெளி ஆண்களிடம் பேசியே அறியாத சித்தி, கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்:

“எளுதிட்டீங்களா சார்?”

“எழுதிட்டேம்மா.”

“கொஞ்சம் படிச்சுக் காட்டுங்களேன்.”

“கீழப்பழுவூர். நிலக்கடலை. சேதம், சுருள் பூச்சியால்.”

“இன்னும் கொஞ்சம் சத்தமா படிங்க சார்.”

அவர் தெருவுக்கே கேட்கும்படி படித்தார். சித்தி மறுபடியும் படிக்கச் சொன்னாள். எனக்குப் பாவமாக இருந்தது. இத்தனை சின்ன வயதிலேயே சித்திக்குக் காது மந்தமாகிவிட்டதே என்று.