கோடு வாசிக்காத குரல்

என் கணினிக்குத் திரை உண்டு, தூசு படிவதற்கு. பார்வை போய் மூன்று வருடமாகிறது. திரையில் உள்ளதையெல்லாம் கணினியே வாய்விட்டுச் சொல்ல, நான் காதால் வேலை செய்கிறேன். இதுவரை சொல்லிக்கொண்டிருந்த குரல், தகர டப்பாவுக்குள் ஒருவர் தடிமன் பிடித்துப் பேசுவது போலிருக்கும். நல்ல தமிழ்க் குரல்கள் இப்போது இலவசமாகவே கிடைக்கின்றன என்று கேள்விப்பட்டு, போன மாதம் மாற்றத் தொடங்கினேன்.

அரச அலுவலகத்தில் படிவங்களோடு வாழ்ந்து ஓய்வுபெற்றவள் ஆதலால் எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். பழைய குரலை நீக்கவில்லை. புதியது மக்கர் பண்ணினால் திரும்பிப் போக வழி வேண்டும். ஐந்து குரல்களை இறக்கி, ஒரே பந்தியை ஐந்துக்கும் கொடுத்தேன். ஒன்று அதை மரண அறிவித்தலாக வாசித்தது. இன்னொன்றுக்கு றொசல்ல என்ற ஊரைச் சொல்வதற்குள் மூச்சு வாங்கியது. கடைசியில் ஒரு பெண் குரலைத் தெரிந்தெடுத்து, வேகம், தொனி, காற்புள்ளியில் நிற்கும் நேரம் வரை திருத்தினேன். தேனாக இருந்தது.

அந்தத் தேனிடம் கொடுத்த முதல் வேலை, எங்கள் பழைய தோட்டத்தின் வீட்டுத்திட்டப் பெயர்ப்பட்டியல். சரிபார்த்துத் தரும்படி அங்கிருந்து ஓர் இளைஞர் அனுப்பியிருந்தார். குரல் வாசிக்க, நான் தொலைபேசியில் பெயர்களை ஒப்பித்தேன். ஏழாவது பெயரில் அவர் இடைமறித்தார்.

"மேடம், அந்தப் பேர அடிச்சிருக்காங்களே. கோடு போட்டிருக்கு, சொல்லலியா அது?"

சொல்லவில்லை. அடித்த பெயரையும் அடிக்காத பெயரையும் ஒரே இனிமையோடு வாசித்திருக்கிறது. இதே காரியத்தைப் பத்து வயதில் நான் செய்திருக்கிறேன். அப்போது குரல் நானே.

அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. விடியற்காலைப் பெரட்டில் தொழிலாளர்கள் வரிசையாக நிற்க, பேர்ப் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, யார் எந்த மலைக்கு என்று பிரித்தனுப்புவது அவர் வேலை. அவருடைய கண் மங்கத் தொடங்கி இரண்டு வருடமாகியிருந்தது. ஆள் உருவம் தெரியும், எழுத்து தெரியாது. இது வெளியே தெரிந்தால் வேலை போகும், வேலையோடு தோட்டத்துக் குவார்ட்டஸ் வீடும் போகும், அதோடு என் ஹட்டன் பள்ளிக்கூடமும் போகும். ஆகவே தினமும் பொழுது சாயும் நேரத்தில் நான் புத்தகத்தை வாசிப்பேன், அவர் வரிசையை மனப்பாடம் செய்வார். மறுநாள் காலையில் புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி மனதிலிருந்து கூப்பிடுவார். அம்மா கதவருகே நிற்பார். யாராவது படியேறினால் இருமுவார். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பொறுப்பு பிரிக்கப்பட்டிருந்தது.

"பாட்டா இழுக்காத புள்ள. பேர மட்டும் சொல்லு" என்பார் அப்பா. "மெதுவா. நான் மனசுல எழுதணுமில்ல?" அவர் என் வேகத்தையும் தொனியையும் திருத்திய நேர்த்தி எந்தக் கணினிக்கும் வராது. ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் ஒரு கேள்வி தவறாமல் வரும்.

"செவப்பு இருக்கா?"

சிவப்புக் கோடு என்றால் பெயர் வெட்டப்பட்டது என்று பொருள். வெட்டுப்பட்டவர்களுக்குப் பெரட்டில் இடமில்லை; கொஞ்ச நாளில் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டிலும் இடமிருக்காது.

ஒருநாள் என் தோழி தண்ணீர்ப் பீலியடியில் குடத்தை நிரப்பாமலே நின்றாள். அவளுடைய அம்மா, நான் அத்தை என்று கூப்பிடும் ராமாயி, தோழியின் நோயாளித் தம்பியோடு கண்டி ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்துவிட்டு முந்தின நாள்தான் வந்திருந்தார். போகும்போது ஆபீசுக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

"அம்மா பேர வெட்டிட்டாங்களாம்டி. லயத்துக் காம்பராவையும் விடணுமாம். நாங்க எங்க போவோம்?"

அன்று மாலை புத்தகத்தைத் திறந்தபோது இருபத்துமூன்றாவது பெயரின் மேல் கோடு இருந்தது. மை புதிது. அதே வரியில், பக்கத்தின் ஓரத்தில், நடுங்கிய ஒரு கிறுக்கல். இருபத்திரண்டு பெயர்களை எப்படி வாசித்தேன் என்று தெரியாது.

"ராமாயி" என்றேன்.

"ஏன் ஓடுற? மெதுவா."

"ராமாயி."

அப்பா உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். நான் பக்கத்தை முடித்துவிட்டு அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். கேட்டால் பொய் சொல்வேனா, உண்மை சொல்வேனா என்று எனக்கே நிச்சயமில்லை. அவர் கேட்கவில்லை. "சரி, புத்தகத்த மூடு" என்றார். என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

காலையில் அந்த அதிர்ஷ்டம் கசந்தது. றொசல்ல ஸ்டேசனுக்கு ரயில் பிடிக்க நான் பெரட்டுக் களத்தைக் கடந்துதான் போகவேண்டும். பனிமூட்டத்துக்குள் தோட்டத்தின் உதவி மேலாளர், சின்னத்தொரை, நின்றிருந்தார். வழக்கமாக அவர் அந்த நேரத்தில் வருவதில்லை. ஓடிப்போய் அப்பாவிடம் சொல்லிவிடலாம், ஐம்பது எட்டுத்தான். ஆனால் அப்பா கூப்பிடத் தொடங்கிவிட்டார். நான் விரல்விட்டு எண்ணினேன். பத்தொன்பது. இருபது. புத்தகப் பையின் வாரைக் கடித்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது.

"ராமாயி!"

வரிசை அசையவில்லை. கடைசியில், ஒதுங்கி நின்ற இடத்திலிருந்து, நம்பமுடியாத ஒரு சத்தம் வந்தது.

"இருக்கேங்கையா!"

"பத்தாம் நம்பர் மலை."

அத்தை கூடையை மாட்டிக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினார். சின்னத்தொரை அப்பாவிடம் வந்தார்.

"கணக்கப்புள்ளே, அந்தப் பேர் வெட்டினதுதானே? புத்தகத்தைப் பாருங்க."

அப்பா புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோனார், பிறகு தள்ளிப் பிடித்தார்.

"கண்ணு சரியில்லைங்க தொரை. கோடு தெரியலைங்க."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருசமாங்க."

"ரெண்டு வருசமா ஒரு பேரு மாறலியே" என்றது வரிசையில் ஒரு கிழவியின் குரல். யாரோ சிரித்து, அடக்கிக்கொண்டார்கள். நான் ரயிலைத் தவறவிட்டேன்.

மாதம் முடிவதற்குள் குவார்ட்டஸைக் காலிசெய்து லயத்துக்கு இறங்கினோம். அப்பாவுக்குக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் காவல் வேலை கொடுத்தார்கள். கண் தெரியாதவரைக் காவலுக்குப் போடும் நிர்வாக ஞானத்தைப் பிற்காலத்தில் பல அலுவலகங்களில் கண்டிருக்கிறேன். ஹட்டனில் சித்தி வீட்டில் தங்கி நான் படித்தேன். ராமாயி அத்தை வேலையிலும் காம்பராவிலும் நிலைத்துவிட்டார். பேர் கூப்பிட்டு, கொழுந்தும் பறிக்கவைத்த ஆளை விசாரணை இல்லாமல் எப்படி வெட்டுவீர்கள் என்று தொழிற்சங்கத் தலைவர் ஆபீசில் போய் நின்றாராம்.

அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று கேட்பார், நாளை கேட்பார் என்று அவர் சாகும்வரை பயந்தேன். அவரைக் கவிழ்த்தது நான்தான் என்பது அவருக்குத் தெரியாது என்று நம்பியிருந்தேன்.

போன வாரம் அமைப்புகளைக் குடைந்தபோது, நாலாவது அடுக்கில், "அடித்த எழுத்தை அறிவி" என்றொரு தெரிவு அகப்பட்டது. அணைத்தே வைத்திருந்தார்கள். போட்டேன். அதன் கீழே, அடித்தது யார் என்று சொல்லவும் ஒரு தெரிவு. முறைப்படி அதையும் போட்டேன். பட்டியலை மறுபடி வாசிக்கவிட்டேன். ஏழாவது பெயர். "அடிக்கப்பட்டது" என்றது தேன் குரல். பிறகு அடித்த அலுவலரின் பெயரைச் சொன்னது.

தோட்டத்துப் பேர்ப் புத்தகம் நினைவுக்கு வந்தது.

பொறுப்பானவரின் சுருக்கொப்பம் பக்கத்தில் இல்லாத வெட்டு செல்லாது. எத்தனையோ எழுதுவினைஞர்களுக்கு இதை நான் கடுகடுத்த முகத்தோடு சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தோட்ட ஆபீசின் பெரிய கிளாக்கர் சிவப்பு மையால் கோடு இழுத்து, பெயரைச் சொல்லி, புத்தகத்தைக் கணக்கப்பிள்ளையின் முன்னால் தள்ளியிருப்பார். அப்பா தடவிப் பார்த்து ஒப்பமிட்டிருப்பார்; அன்று மாலை "செவப்பு இருக்கா" என்று கேட்கத் தேவையே இருந்திருக்காது.

இருபத்துமூன்றாவது பெயரின் ஓரத்தில் இருந்த அந்தக் கிறுக்கலை நான் பார்த்தேன். பேரை மட்டும் சொல்லச் சொல்லியிருந்தார் அப்பா. அது பேரில்லை என்று விட்டுவிட்டேன்.