கோல்ஃபைப் பற்றி அவர் சொன்னதும் நான் சொன்னதும்

ஸ்ரீசிட்டியில், கார்களுக்கு ரப்பர் குழாய் செய்கிற ஒரு ஜப்பான் கம்பெனியில் நான் மொழிபெயர்ப்பாளர். நகரியில் காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறினால் நாகலாபுரம், சத்தியவேடு வழியாக எட்டு மணிக்குள் கேட்டில் இறக்கிவிடும். பஸ்ஸுக்குள் பாதி தமிழ், பாதி தெலுங்கு. கேட்டுக்கு உள்ளே மூன்றாவதாக ஜப்பானிய மொழி. மூன்றுக்கும் நடுவில் நின்று பேசுவதுதான் என் வேலை. தொழிற்சாலைத் தலைவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘த்சூயாகு-சான்’ என்பார். மொழிபெயர்ப்பவர் என்பதோடு மரியாதை சேர்த்துச் சொல்கிற சொல் அது. எனக்கு அது பிடித்திருந்தது.

இந்த வேலையில் ஒரு பழக்கம் எனக்கே தெரியாமல் ஒட்டிக்கொண்டது. யாராவது சூடாகப் பேசினால் நான் ஆற்றிக் கொடுப்பேன். “இதெல்லாம் ஒரு மிஷினா?” என்று ஒருவர் கத்தினால், இந்த மிஷினில் சில சிரமங்கள் இருப்பதாகச் சொல்கிறார் என்பேன். கவனமில்லாத வேலை என்று தலைவர் கடிந்துகொண்டால், இன்னும் கொஞ்சம் கவனமாகச் செய்தால் நன்றாக இருக்குமாம் என்பேன். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. பெரிய சண்டை ஒன்றும் வரவில்லை. அதற்கு என் சாமர்த்தியம்தான் காரணம் என்று மனசுக்குள் ஒரு நினைப்பு வேறு. கான்ட்ராக்டில் இருந்த என்னை நிரந்தரமாக்குவதற்கான காகிதம் அப்போது தலைவரின் மேஜையில் இருந்தது.

ஒலிம்பிக்ஸ் நடந்துகொண்டிருந்த சமயம் அது. எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு வருஷமும் செப்டம்பரில், திருப்பதியில் ஒரு காலேஜ் மைதானத்தை வாடகைக்கு எடுத்து விளையாட்டு விழா நடத்துவார்கள். கபடிதான் அதில் முக்கியம். மற்றதெல்லாம் கபடி ஆரம்பிக்கிற வரைக்கும் பொழுதுபோக்கு. முந்தின வருஷம் கபடியில் ஒருவருக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. அது ஏன், எப்படி, இனி நடக்காமலிருக்க என்ன செய்வீர்கள் என்று கேட்டு ஜப்பானிலிருந்து கடிதம் மேல் கடிதம் வந்தது. அதனால் இந்த வருஷம் கபடி வேண்டாம் என்று தலைவர் முடிவு செய்திருந்தார். ஒலிம்பிக்ஸ் நடக்கிற வருஷமாதலால், இதுவரை ஆடாத ஒலிம்பிக்ஸ் விளையாட்டு ஒன்றைப் புதிதாகச் சேருங்கள் என்று தலைமை அலுவலகமும் எழுதியிருந்தது. தலைவர் கோல்ஃபைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னைக்குப் போய் ஆடிவிட்டு வருகிறவர் அவர். முழு கோல்ஃப் இல்லை, பச்சைத் துணி விரித்து, பந்தைக் குழிக்குள் உருட்டுவது மட்டும்.

அதைப் பேசக் கூட்டம் போட்டார்கள். தொழிலாளர் கமிட்டி சார்பில் வந்தவர் சத்தியவேடு பக்கத்துக்காரர். மோல்டிங் பிரிவில் இருபது பேருக்கு சூப்பர்வைசர், மாவட்ட அளவில் கபடி ஆடியவர். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சொன்னார்.

“மேடம், நான் சொல்றத அப்டியே சொல்லுங்க. ஒலிம்பிக்ஸ்ல அதச் சேத்ததே தப்பு. ரிட்டயர் ஆனவன் டாக்டர் சொன்னாருன்னு வாக்கிங் போற மாதிரி போய்க்கினே கீறான், நடுவுல ஒரு தட்டு தட்டுறான். அத ஆட நூறு ஏக்கர் நெலம் வேணும், அத்தனைக்கும் தண்ணி பாய்ச்சணும். எங்கூர்ல போர்ல தண்ணி வரல. கபடிக்கு இன்னா வேணும்? மூச்சு இருந்தா போதும். அது வெளிய நிக்குது, இது உள்ள போய் குந்திக்கினு கீது.”

நான் ஜப்பானிய மொழியில் சொன்னது இது: ஒலிம்பிக்ஸில் இடம்பெற்ற விளையாட்டு என்பதால் கோல்ஃப் மேல் இவர்களுக்கு மரியாதை உண்டு. நடந்துகொண்டே ஆடுவது உடம்புக்கு நல்லது என்கிறார். நிலமும் தண்ணீரும் குறைவான ஊர் என்பதால் இங்கே பழக்கமில்லை. கபடியும் இருந்தால் சந்தோஷப்படுவார்கள்.

தலைவர் முகம் மலர்ந்தது. அண்ணனைப் பார்த்துத் தலை குனிந்து வணங்கினார். பழக்கமில்லை என்றால் பழக்கப்படுத்துவோம் என்றார். நான் அதை, “யோசிக்கிறேன்னு சொல்றார் அண்ணா” என்று தமிழாக்கினேன். இருவரும் திருப்தியாக எழுந்து போனார்கள். நானும்தான்.

வியாழக்கிழமை அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டியிருந்தார்கள். விழாவின் முதன்மை ஆட்டம் கோல்ஃப். முதல் மூன்று பேருக்குக் கோப்பை. மதிய இடைவேளையில் தலைவரே மூன்று நாள் பயிற்சி தருவார். கபடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அண்ணன் நேராக என் இடத்துக்கு வந்தார். கத்தவில்லை. தான் வேண்டாம் என்று சொன்னதையே தலைவர் பெரிதாகச் செய்கிறாரே, தன் பேச்சுக்கு இவ்வளவுதான் மதிப்பா என்று கேட்டார். இரண்டு ஷிஃப்டிலும் யாரும் விழாவுக்கு வரப்போவதில்லையாம். திங்கட்கிழமை மறுபடி கூட்டம் கேட்டிருக்கிறாராம், அன்றைக்கு முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாராம். என் மேல் அவருக்கு ஒரு துளி சந்தேகமும் வரவில்லை. போகும்போது, பாவம் உங்களுக்கும் கஷ்டம்தான் என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் டீ மிஷின் பக்கத்தில் தலைவர் நின்றிருந்தார். ஒலிம்பிக்ஸ் பார்க்கிறீர்களா என்று கேட்டார். பிறகு, ஒன்று சொல்கிறேன், வெளியே சொல்லாதீர்கள் என்று ஆரம்பித்தார். ஒலிம்பிக்ஸில் கோல்ஃப் இருப்பது அவருக்குப் பிடிக்காதாம். பல்லாண்டுகள் வெளியே இருந்துவிட்டுத் திரும்பி வந்த ஆட்டம். திரும்பி வந்தபோது பெரிய ஆட்டக்காரர்கள் சிலர் போகவே இல்லை. கோல்ஃப் ஆடுகிற சிறுவனிடம் உன் கனவு என்ன என்று கேட்டால், ஏதாவது ஒரு பெரிய கோப்பையின் பெயரைச் சொல்வான், ஒலிம்பிக்ஸ் என்று சொல்ல மாட்டான். ஒரு வில்வித்தைக்காரியைக் கேளுங்கள், ஒரு மல்யுத்த வீரரைக் கேளுங்கள், அவர்களுக்கு அதற்கு மேல் ஒன்று கிடையாது. எந்த விளையாட்டுக்கு அதுதான் உச்சியோ, அந்த விளையாட்டுக்குத்தான் அங்கே இடம் என்றார்.

“தலைமை அலுவலகம் கேட்டதால் பெயருக்குத்தான் கோல்ஃபைச் சொன்னேன். ஆனால் கமிட்டிக்காரர் அதைப் பற்றி அவ்வளவு மரியாதையோடு பேசினாரே,” என்றார். “அதை ஆடுகிற நான் குறைத்துப் பேச வெட்கமாக இருந்தது. அதனால்தான் நன்றாகவே நடத்திவிடுவோம் என்று தீர்மானித்தேன்.”

என் கையில் இருந்த டீயை நான் குடித்தேனா என்று நினைவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே கருத்து. ஒருவர் மரியாதைக்காக விரும்பாததைச் செய்கிறார், இன்னொருவர் அவமானப்பட்டு விழாவையே வேண்டாம் என்கிறார். நடுவில் இருந்தது நான் மட்டும்.

சனிக்கிழமை வீட்டில் இருக்கவே முடியவில்லை. நைனாவுக்குப் போன் போட்டேன்; அப்பாவை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் சித்தூரில், மாங்கூழ் ஃபேக்டரி வாசலில், தோத்தாபுரி மாம்பழம் ஏற்றிய டிராக்டரோடு வரிசையில் நின்றிருந்தார். வேலை போய்விடும் போலிருக்கிறது என்றேன். என்ன பண்ணிவிட்டாய் என்று பதறினார். நான் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர், “கோல்ஃபுன்னா இன்னாமா?” என்றார். அதை நான் விளக்கி முடிப்பதற்குள் முன்னால் நின்ற வண்டிகள் நகர்ந்துவிட்டன. “வண்டி நவுருது, அப்பால பேசறேன்” என்று வைத்தவர் ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டுவிட்டு உடனே தூங்கிப்போனார்.

யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிட ஒரு வழி இருந்தது. அதையும் யோசிக்காமல் இல்லை. திங்கட்கிழமை அண்ணன் என்ன சொன்னாலும், கோல்ஃபை விடக் கபடிதான் பொருத்தம் என்று பணிவாகக் கேட்டுக்கொள்கிறார் என்று தலைவரிடம் சொல்லலாம். தலைவரும் கோல்ஃபைப் பெயருக்குத்தான் சொன்னார் என்பதால் உடனே ஒத்துக்கொள்வார். எல்லாம் முடிந்துவிடும். வாக்கியங்களைக்கூட மனசுக்குள் அடுக்கிவிட்டேன். அடுக்கும்போதுதான், இதற்கு முந்தின கூட்டத்தில் யாரிடம் எதை எப்படிச் சொன்னேன் என்று நினைவுபடுத்திப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்கும் முந்தினதை யோசித்தேன். எனக்கே வரிசை தப்பியது. களைத்துப் போனேன். உண்மையைச் சொல்லத் தைரியம் வந்ததென்று சொல்ல முடியாது. இனிமேல் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது என்று பட்டது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை இருவரும் உட்கார்ந்ததும், அண்ணன் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் எழுந்து நின்றேன். முதலில் ஜப்பானிய மொழியில் சொன்னேன். போன கூட்டத்தில் இவர் சொன்னதை நான் அப்படியே சொல்லவில்லை, மாற்றிச் சொன்னேன், நீங்கள் சொன்னதையும் மாற்றினேன். அதையே தமிழில் அண்ணனிடமும் சொன்னேன். மன்னிப்புக் கேட்க ஜப்பானிய மொழியில் எத்தனையோ சொற்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பொறுக்கி வைத்திருந்தவற்றில் ஒன்றுகூட அந்த நேரத்துக்கு வரவில்லை.

தலைவர் நோட்டைத் திறந்தார். பிறகு பேனாவை எடுத்தார். அவர் உண்மையில் என்ன சொன்னார், ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்றார்.

சொன்னேன். ரிட்டயர் ஆனவரின் வாக்கிங், நடுவில் ஒரு தட்டு, நூறு ஏக்கர், தண்ணீர் வராத போர், வெளியே நிற்கிற கபடி, உள்ளே குந்தியிருக்கிற கோல்ஃப், எல்லாம். அவர் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். வாக்கிங் இடத்தில் நிறுத்தி இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். முடித்ததும் நிமிர்ந்து, “இது சரிதான். நானும் இதைத்தான் நினைக்கிறேன். எனக்கு வேறு காரணம்” என்றார். டீ மிஷின் பக்கத்தில் என்னிடம் சொன்னதை எல்லாம் இப்போது அண்ணனிடம் சொன்னார். நான் வார்த்தைக்கு வார்த்தை தமிழில் சொன்னேன். சண்டைக்குத் தயாராக வந்திருந்த அண்ணன், கேட்கக் கேட்கத் தோளைத் தளர்த்திக்கொண்டார்.

பிறகு தலைவர் என் பக்கம் திரும்பினார். “இவர் முகம் கோபமாக இருக்கும். உங்கள் ஜப்பானியம் அமைதியாக இருக்கும். தமிழ் அப்படிப்பட்ட மொழி என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.”

அதையும் அண்ணனிடம் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்தவர் கொஞ்சம் சந்தேகமாக என்னைப் பார்த்தார்.

“அப்போ போன வருஷம் கேன்டீன் சாப்பாட்டப் பத்தி நான் சொன்னது?”

“அதுலயும் கொஞ்சம் மாத்திட்டேன்ண்ணா.”

“நெனச்சேன்,” என்றார். அவ்வளவுதான். இனி மாற்றத் தோன்றினால், மாற்றுகிறேன் என்று சொல்லிவிட்டு மாற்றுங்கள் என்றார் தலைவர். என் காகிதத்தில் அந்த வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டார். ஆனால் நான் லேசானது அந்த வெள்ளிக்கிழமை இல்லை. அங்கேயே, அந்த நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தபோதுதான். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பஸ் ஏறியது நினைவுக்கு வந்தது, அப்படி ஒரு பசி.

கபடி விஷயம் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. யாருக்கும் அடிபடாமலிருக்க மண்ணில் வேண்டாம், மேட் விரித்து ஆடுவோம் என்று அண்ணனே சொன்னார். அந்தக் காலேஜிலேயே மேட் கிடைக்கும் என்றார். பச்சைத் துணியும் ஓர் ஓரத்தில் இருக்கட்டும், கோப்பை இல்லாமல், ஆசைப்பட்டவர்கள் தட்டிப் பார்க்கட்டும் என்று முடிவானது. கூட்டம் முடிந்துவிட்டது என்று நான் நோட்டை மூடினேன்.

அண்ணன் எழுந்திருக்கவில்லை. அவர் சொன்னதைத் தலைவர் முழுசாக ஒத்துக்கொண்டது அவருக்கு என்னவோ போலிருந்தது என்று நினைக்கிறேன்.

“ஆனா ஒண்ணு,” என்றார். “அத அப்டியே வெளிய தள்ளணும்னும் சொல்ல முடியாது. குதிர ஓட்றது கீது, படகு கீது, துப்பாக்கி கீது. எங்கூர்ல யாரு அதெல்லாம் ஆடுறான்? எல்லாத்தையும் எடுத்துட்டா ஓட்டம் ஒண்ணுதான் மிஞ்சும். அந்தப் பெரிய கப்புல அவன் தனியா ஆடுவான், ஜெயிச்சா அவனுக்கு. இதுல அவன் நாட்டுப் பேரப் போட்டுக்கினு ஆடுறான். சின்ன நாட்லேர்ந்து ஒரு பொண்ணு வந்து ஆடுதுன்னு வெச்சுக்க, அதுக்கு அது சின்ன விஷயமா?”

நான் ஒரு சொல் விடாமல் சொன்னேன். குதிரை, படகு, துப்பாக்கி, பெண் எல்லாம். தலைவர் தலையை ஆட்டி மறுத்தார். கோல்ஃப் ஆடுகிறவனுக்கு ஆட்டத்தில் நாடு ஞாபகம் இருக்காது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதுதான் ஞாபகம் இருக்கும் என்றார். அண்ணன் விடவில்லை. கபடிக்காரனுக்கும் கோட்டைத் தொடும்போது நாடு ஞாபகம் வராது, தொட்டு முடித்த பிறகுதான் வரும் என்றார். ஏசியன் கேம்ஸில் இரண்டும் ஒன்றாக இருக்கும்போது ஒலிம்பிக்ஸில் ஏன் இருக்கக் கூடாது, கோல்ஃபை எடுக்க வேண்டாம், கபடியைச் சேர்க்கச் சொல்லுங்கள் என்றார். கோல்ஃப் ஆடுகிறவர் கோல்ஃபை வெளியே தள்ளிக்கொண்டிருந்தார், கபடி ஆடியவர் அதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். மதிய மணி அடித்ததை இருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இந்தப் பக்கம் ஒரு வாக்கியம், அந்தப் பக்கம் ஒரு வாக்கியம் என்று நான் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். எதை ஆற்ற வேண்டும், யார் முகம் எப்படி மாறும் என்று பார்க்க வேண்டியிருக்கவில்லை. வந்ததை வந்தபடி கொடுத்தால் போதும் என்பது எவ்வளவு சுலபமான வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு கட்டத்தில் தொண்டை வறண்டுவிட்டது. கையைக் காட்டி நிறுத்திவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். நான் குடித்து முடிக்கிற வரைக்கும் இருவரும் காத்திருந்தார்கள்.